இந்த வயதில் எதற்கு?

எலும்பு முறிவுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், இடக்கையில் மாவுக்கட்டுடன் நான் அமர்ந்திருந்தபோது, பக்கத்து இருக்கையிலிருந்த மூதாட்டி பரிவோடு விசாரித்தார். மிதிவண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். “வேலைக்குப் போகும்போதா, தம்பி?” என்றார். இல்லையம்மா, விளையாடும்போது என்றேன். என் நரைத்த தலையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதையே இக்கட்டுரையின் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

அதை அவர் மட்டுமா கேட்டார்? மனைவி கேட்டார், மகள் கேட்டாள், அண்ணன் தொலைபேசியில் கேட்டார். கேட்டவர் எவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கேள்வியின் வடிவில் வந்த தீர்ப்பு அது. மாவுக்கட்டோடு கழிந்த ஆறு வாரங்களில் அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையச் சிந்தித்தேன். நோயுற்றவர்களும் அவர்களைப் பேணுவோரும் படிக்கும் இவ்விதழில் என் முடிவைச் சொல்வது பயன்தரும் என நம்புகிறேன். ‘எதற்கு’ என்பது நல்ல கேள்வி. அதை உண்மையாகவே கேட்க வேண்டும். விடை கிடைத்த பிறகு ‘எப்படி’ என்ற அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் முதற்கேள்வி தீர்ப்பாகிவிடுகிறது. இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை.

நான் ஓட்டியது பிஎம்எக்ஸ் மிதிவண்டி. இருபது அங்குலச் சக்கரங்கள், ஒரே பல்சக்கர வேகம், அதிர்வைத் தாங்கும் சுருள்கள் எதுவும் இல்லாத சட்டம், முழங்காலுக்குக் கீழே கிடக்கும் இருக்கை. உட்கார்ந்து ஓட்டுவதற்கான வண்டி அன்று; நின்றே ஓட்ட வேண்டும். மேடு பள்ளங்களின் அதிர்வை முழங்கால்களும் முழங்கைகளுமே வாங்கிக்கொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் மண்தளப் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சின்னஞ்சிறு மிதிவண்டிகளில் அவற்றைப் போலச் செய்து பார்த்ததிலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1982இல் வெளிவந்த ‘இ.டி.’ திரைப்படத்தில் சிறுவர்கள் காவலர்களிடமிருந்து தப்பிப் பறந்தது இவ்வகை வண்டிகளில்தான்.

1980களின் நடுவில் சிங்கப்பூரில் வளர்ந்த எங்களில் பலருக்கு அந்த வண்டி ஒரு கனவு. கப்பல் பட்டறையில் வேலை செய்த என் தந்தை, மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்துவைத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கித் தந்தார். எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளமே எனக்குப் பயிற்சிக்கூடம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டவும், வண்டியோடு துள்ளி நடைபாதை விளிம்பில் ஏறவும் அங்கேதான் கற்றேன். தேசிய சேவை வந்தது, வேலை வந்தது, குடும்பம் வந்தது. வண்டி எப்போது வீட்டை விட்டுப் போனது என்பதுகூட நினைவில் இல்லை.

நாற்பத்தெட்டாம் வயதில் மருத்துவப் பரிசோதனை ஒன்றில் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர். பூங்காவில் நடந்தேன், இரண்டு வாரத்தில் சலித்தது. உடற்பயிற்சிக்கூடத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். ஐந்து முறை போனேன். ஒருநாள் அண்ணன் மகனின் பிஎம்எக்ஸ் வண்டி அவர்கள் வீட்டு வாசலில் சாய்ந்து கிடப்பதைக் கண்டு, சும்மா ஏறிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் தொடாத வண்டி, ஐந்து நிமிடத்தில் என் கைக்கு அடங்கியது. அடுத்த மாதம் எனக்கென ஒரு வண்டி வாங்கினேன்.

எதற்கு என்ற கேள்விக்கு என் உண்மையான விடை இதுதான். வேறெந்தப் பயிற்சியும் என்னை அடுத்த நாள் திரும்ப அழைக்கவில்லை, இது அழைத்தது. அரை மணி நேரம் நின்றபடி மிதித்தால் சட்டை நனைந்துவிடும். ஆனால் பயிற்சி செய்கிறோம் என்ற எண்ணமே எழாது. அந்தத் துள்ளல் இன்று சரியாக வருமா என்பது மட்டுமே மனத்தில் இருக்கும். அலுவலகக் கவலைகளுக்கு அங்கே இடமில்லை. அவற்றை நினைத்த மறுகணமே விழுந்துவிடுவோம்.

விழவும் விழுந்தேன். மூன்றாவது வாரம் நடைபாதை விளிம்பு ஒன்றில் துள்ளி ஏற முயன்றேன். முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் விளிம்பில் மோதியது. கையை ஊன்றினேன். மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முறிந்தது.

தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னர் சிகிச்சையாளர்கள் எனக்கு விளக்கினார்கள். கற்ற திறனை மூளை நெடுங்காலம் காத்து வைத்திருக்கிறது. அதனால்தான் மிதிவண்டி ஓட்டுவது மறப்பதில்லை. தசைக்கும் எலும்புக்கும் அத்தகைய நினைவு கிடையாது. முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துகொண்டே வருகிறது. மீண்டும் பயிற்சி தொடங்கும்போது தசை விரைவாக வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். ஆகவே மூன்றாவது வாரத்தில் ‘பழைய பலம் வந்துவிட்டது’ என்று தோன்றுவதே ஆபத்தான கட்டம். பதினாறு வயதின் நினைவைக் கொண்டு நாற்பத்தெட்டு வயது உடலுக்குக் கட்டளையிட்டேன். விளையாட்டைத் தேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவசரப்பட்டதற்காக வருந்துகிறேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விழுந்த அன்று வீட்டில் நான் உண்மையைச் சொல்லவில்லை. படியில் வழுக்கிவிட்டது, சிறு சுளுக்கு என்றேன். தைலம் தடவிக்கொண்டு இரண்டு நாள் கையை மறைத்துத் திரிந்தேன். விரல்கள் வீங்கி, சட்டைப் பொத்தானைப் போட முடியாமற்போன பிறகே மருத்துவமனைக்கு வந்தேன். ஏன் மறைத்தேன்? வலிக்கு அஞ்சி அன்று. ‘இந்த வயதில் எதற்கு’ என்று கேட்பார்களே என அஞ்சித்தான். பேணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். நாம் அன்பினால் விதிக்கும் தடை, சில வேளைகளில் நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்ட தந்தையும், குளியலறையில் தடுமாறியதைச் சொல்லாத தாயும், மருத்துவருக்குப் பயந்து மறைப்பதைவிட நமக்குப் பயந்தே அதிகம் மறைக்கிறார்கள்.

இதைச் சொல்வதால் என் மனைவியின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த தம் தாயாரை இரண்டாண்டுகள் உடனிருந்து பேணியவர் அவர். ஒரு வீழ்ச்சி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது எனக்கு ஏட்டறிவு; அவருக்கு அது பட்டறிவு. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்திலேயே, வண்டியை எடுத்துப்போகச் சொல்லிக் காராங்குனிக்காரருக்குத் தொலைபேசி செய்துவிட்டார். “உங்களைக் கழுவித் துடைக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் இன்னொரு முறை அப்படிச் செய்ய மனம் இல்லை” என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அன்றிரவுதான் நாங்கள் முதன்முறையாக ‘எப்படி’ என்பதைப் பற்றிப் பேசினோம். ஆபத்து உண்டு என்பதை நானும் மறைக்கவில்லை. பிஎம்எக்ஸ் வரலாற்றில் மிகப் புகழ்பெற்றவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் டேவ் மிர்ரா. எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் 24 பதக்கங்கள் வென்றவர். 2016இல், தம் 41ஆம் வயதில் அவர் மறைந்த பிறகு, தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டவர்களிடம் காணப்படும் நாட்பட்ட மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது கண்டறியப்பட்டது. எலும்பு கூடிவிடும், மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சிகளோ ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரக்கூடும்.

மறுபக்கமும் உண்டு. பிரான்ஸின் ஆன்-கரோலின் ஷோஸோன் சிறுமியாக பிஎம்எக்ஸ் ஓட்டியவர். பின்னர் மலையிறக்க மிதிவண்டிப் போட்டிகளில் பலமுறை உலகப் பட்டம் வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தம் பழைய வண்டிக்குத் திரும்பி, 30 வயதில் தங்கம் வென்றார். 2014இல் அவருக்குச் சூலகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் மிதிவண்டிப் போட்டிகளுக்குத் திரும்பினார். அவர் உலக வீராங்கனை, நான் எழுத்தர். அவரைக் காட்டி என்னை நியாயப்படுத்தவில்லை. ஆயினும் இந்த விளையாட்டு சிறுவர்களோடு முடிந்துவிடுவதில்லை. சற்றுப் பெரிய, 24 அங்குலச் சக்கரம் கொண்ட ‘குரூசர்’ வண்டிகளுக்கான பந்தயங்களில் நாற்பதைக் கடந்தவர்களுக்கெனத் தனி வயதுப் பிரிவுகளே உள்ளன.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். இரு கைகளின் பிடிவலுவும் ஏறக்குறைய சமமாகிவிட்டது எனச் சிகிச்சையாளர் அளந்து சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது. தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் இல்லாமல் ஏறக்கூடாது. தனியாகப் போகக்கூடாது. முதல் மூன்று மாதம் இரு சக்கரங்களும் தரையிலேயே இருக்க வேண்டும். தலையில் சிறிதே அடிபட்டாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை நான் எழுதியவை. ஆறாவதை மனைவி எழுதினார்: “வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும்.” ஐந்தையும்விட அதுவே கடினமானது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். காராங்குனிக்காரரிடம் அவர் பழைய செய்தித்தாள்களை மட்டும் கொடுத்தனுப்பினார்.

எல்லாருக்கும் இந்த உடன்பாடு பொருந்தும் என நான் சொல்லவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், எலும்பு அடர்த்தி குறைந்தோர், வலிப்பு கட்டுப்படாதோர் ஆகியோருக்கு, விழும் வாய்ப்புள்ள விளையாட்டு கூடாது என்றே மருத்துவர் சொல்லக்கூடும். அப்போது ‘எப்படி’ என்பதற்கு விடை ‘இப்படி வேண்டாம்’ என்பதாகவே இருக்கும். அதை ஏற்பதும் முதிர்ச்சிதான். ஆனால் அங்கேயும் ‘எதற்கு’ என்ற கேள்வி வீண்போகாது. அவர் அதில் தேடியது தோழமையா, வேகமா, புதிதாக ஒன்றைக் கற்கும் இன்பமா என்பது தெரிந்தால், அதைத் தரும் வேறொன்றைச் சேர்ந்தே தேடலாம். காரணம் கேளாமல் பறித்துவிட்டால், அவரிடம் எஞ்சுவது மாத்திரைப் பெட்டி மட்டுமே.

உங்கள் வீட்டில் அது மிதிவண்டியாக இருக்க வேண்டியதில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்ட அம்மா மீண்டும் தம் கையாலேயே தோசை வார்க்க விரும்பலாம். இதய அறுவை சிகிச்சை முடிந்த அப்பா அடுத்த தைப்பூசத்தில் பால்குடம் எடுக்க ஆசைப்படலாம். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எதற்கு என்று கேட்டு, விடையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகு அடுத்த மருத்துவச் சந்திப்புக்குப் போகும்போது, எப்படி என்ற கேள்வியை இருவருமாகக் கொண்டுசெல்லுங்கள். நோயாளிகளே, உங்களுக்கும் ஒரு சொல்: அந்த ஆசையை மறைக்காதீர்கள், அதனால் வந்த காயத்தையும் மறைக்காதீர்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு என் கையை முதன்முதலாகப் பார்த்த சிகிச்சையாளர், “இந்தக் கையால் மறுபடியும் என்ன செய்ய வேண்டும் உங்களுக்கு?” என்று கேட்டார். சட்டைப் பொத்தான் போட வேண்டும், கோப்பையைத் தூக்க வேண்டும் என்றேன். சற்றுத் தயங்கினேன். உடன் வந்திருந்த என் மனைவிதான் மூன்றாவதைச் சொன்னார். சிகிச்சையாளர் சிரிக்கவில்லை. தம் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டு, பிடிவலுவை அளக்கும் கருவியை என் கையில் கொடுத்தார். வலக்கையில் பாதி வலுகூட இடக்கையில் இல்லை. வண்டி இப்போதும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. நான் இன்னும் அதைத் தொடவில்லை.