‘துணைபுரிகிறது’ என்னும் வினைச்சொல்லும் இதயத்துக்கான பெப்டைடு வணிகமும்

“இதய நலத்துக்குத் துணைபுரிகிறது.” பெப்டைடு துணையுணவுப் புட்டிகளின்மேல் காணப்படும் இத்தகைய தொடரை ஒருமுறை பிரித்துப் பார்த்தல் தகும். எந்த நோய்க்கு, எவருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் என்னும் வினாக்களுள் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. பொய்யென எவரும் நிறுவ முடியாதபடி கட்டப்பட்ட வாக்கியம் அது.

இக்கட்டமைப்புக்குக் காரணம் சட்டம். இதய நோயையும் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது. துணையுணவுகள் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதி. ‘குணப்படுத்துகிறது’ என்றால் குற்றம். ‘துணைபுரிகிறது’ என்றால் வணிகம். சொல்லப்படாத பொருளை வாசகர் மனம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது கிரைஸ் 1975இல் விளக்கிய உரையாடல் நெறியின் பாலபாடம். விற்பவர் உரைக்காத ‘குணமாகும்’ என்பதை வாங்குபவர் கேட்டுவிடுகிறார். பொறுப்போ எவருக்கும் இல்லை.

அறிவியல் என்ன சொல்கிறது? பாற்புரதத்திலிருந்து கிடைக்கும் இரு முப்பெப்டைடுகள் (வேலின்-புரோலின்-புரோலின், ஐசோலூசின்-புரோலின்-புரோலின்) இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டவை. ஜப்பானியச் சோதனைகள் சிலவற்றில் இரத்த அழுத்தம் சிறிதளவு குறைந்தது உண்மை. ஐரோப்பியரிடம் நடந்தவற்றில் விளைவு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. சான்றுகளைப் பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காரண-காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2012இல் முடிவுரைத்தது. மிகுதியாக ஆராயப்பட்டவற்றின் நிலையே இதுவெனில், மூலப்பொருளின் பெயரைக்கூடத் தெளிவாகக் குறிக்காத கலவைகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

பெப்டைடு மருந்தியலின் சொந்த வரலாறும் இவ்வணிகத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து அறியப்பட்ட டெப்ரோடைடு என்னும் பெப்டைடு மனிதரின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் ஊசிவழி மட்டுமே. வாய்வழி அது பயன்படவில்லை. ஆகவேதான் குஷ்மனும் ஒண்டெட்டியும் சிறு மூலக்கூறு ஒன்றைத் தேடி கேப்டோபிரிலை உருவாக்கினர். 1981இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. நெசிரிடைடு நேரடியாக நரம்பிலேயே செலுத்தப்பட்ட பெப்டைடு. இதயச் செயலிழப்பு நோயாளிகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனை, அது மரணத்தையோ மறுசேர்க்கையையோ குறைக்கவில்லை என்று காட்டியது.

‘செமாகுளூட்டைடு மாத்திரையாக வந்துவிட்டதே’ என்பர் சிலர். வந்தது, உறிஞ்சுதலைக் கூட்டும் தனிப்பொருளுடன் சேர்த்து. அப்போதும் உட்கொண்டதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இரத்தத்தைச் சேர்கிறது. அந்த விதிவிலக்கு, பொதுவிதி எவ்வளவு கடுமையானது என்பதையே உணர்த்துகிறது.

இங்கு ஆய்வுலகம் வேடிக்கை பார்ப்பவர் வரிசையில் நின்றுவிட முடியாது. சோதனைக்குழாயில் ஏ.சி.இ. நொதியைத் தடுத்த புரதச் சிதைவுப்பொருளைப் பற்றிய கட்டுரை, ‘இரத்த அழுத்த மேலாண்மைக்குப் பயன்படக்கூடும்’ என்று முடிகிறது. துறையின் செய்திக்குறிப்பில் அது ‘பயன்படும்’ ஆகிறது. புட்டியின்மேல் ‘ஆய்வில் நிரூபணமானது’ ஆகிறது. ‘கூடும்’ என்னும் ஒரு துணைவினை உதிர்ந்த இடத்தில் ஒரு சந்தை முளைக்கிறது. அந்தத் துணைவினையைக் காக்கும் கடமை அதை எழுதியவருக்கே முதலில் உண்டு. நிதியும் மேற்கோள் எண்ணிக்கையும் பதவி உயர்வும் அக்கடமையை மறக்கச் செய்கின்றன.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியற்றது. ‘இயற்கையானது’ கிடைத்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்துபவருக்கு உடல் உடனே எச்சரிக்கை தராது. பக்கவாதமோ மாரடைப்போதான் முதல் எச்சரிக்கையாக வரலாம். அவர் கைவிடும் மருந்துகளுக்கோ சான்று உண்டு. இதய ஆபத்து மிகுந்த 9,297 பேரிடம் ராமிபிரிலை ஆராய்ந்து 2000இல் வெளியான சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரண மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 17.8 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாகக் குறைந்தது. அம்மருந்து இன்று பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. முப்பெப்டைடுச் சோதனைகள் பெரும்பாலும் அளந்ததோ இரத்த அழுத்தத்தையே.

ஆகவே மூன்று செயல்கள் உடனே வேண்டும். சோதனைக்குழாயா, எலியா, மனிதரா என்பதை ஆய்வாளர் தலைப்பிலேயே குறிக்க வேண்டும். செய்திக்குறிப்பை வெளியிடுமுன் துறைகள் அதன் வினைமுற்றுகளைக் கட்டுரையின் வினைமுற்றுகளோடு ஒப்பிட வேண்டும். ‘துணைபுரிகிறது’ என்போர் எதற்கு, எவ்வளவு என்று எண்ணால் சொல்ல வேண்டும் என ஒழுங்குமுறையாளர் கட்டாயப்படுத்த வேண்டும். எண் இல்லையெனில் அச்சொல்லும் புட்டியில் இருத்தலாகாது.