வாக்கு வேறுபாடும் மக்கள் தீர்ப்பும்

தென்காசி மக்களவைத் தொகுதியில் 2024-ஆம் ஆண்டு வென்ற தி.மு.க. வேட்பாளர் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார் பெற்ற வாக்குகள் 4,25,679. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் அதே கட்சியின் தனுஷ் எம். குமார் பெற்றவை 4,76,156. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கரைந்திருக்கின்றன. வெற்றியின் வேறுபாடோ 1,20,286-லிருந்து 1,96,199-ஆக வளர்ந்திருக்கிறது. வாக்கு சுருங்கியது, வெற்றி பெருத்தது. முடிவு வெளியான நாளில் இந்த முரண் குறித்துப் பேசுவோரைக் காண்பது அரிதாயிற்று. வேறுபாடு எவ்வளவு என்பதே கேள்வியாயிற்று. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்க எவருக்கும் பொழுதில்லை.

வந்த வழி ஒன்றும் மறைபொருள் அன்று. 2019-இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஓரணியில் நின்றன. இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்ட புதிய தமிழகம் கட்சியின் தலைவர் மருத்துவர் கிருஷ்ணசாமி 3,55,870 வாக்குகள் பெற்றார். 2024-இல் அவ்விரு கட்சிகளும் பிரிந்தன. அதே சின்னத்தில் நின்ற அவருக்கு 2,29,480 வாக்குகளும், தாமரைச் சின்னத்தில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2,08,825 வாக்குகளும் கிடைத்தன. இரண்டையும் கூட்டினால் 4,38,305. வென்றவரைவிடப் பன்னிரண்டாயிரம் வாக்குகள் மிகுதி. நான்காம் இடத்தில் நாம் தமிழர் கட்சியின் இசை மதிவாணன் 1,30,335 வாக்குகளோடு நிற்கிறார். இக்கணக்கைக் காட்டி வெற்றியின் மதிப்பைக் குறைப்பது நம் நோக்கம் அன்று. இரண்டும் இரண்டும் நான்கு என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. தேர்தல் களத்தில் அது மூன்றாகவும் முடியும், ஐந்தாகவும் முடியும். அவ்விரு கட்சிகளும் இணைந்து நின்றிருந்தால் இருவர் வாக்குகளும் சிந்தாமல் சிதறாமல் ஒருவருக்கே சென்றிருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. இரண்டு இலட்சத்தை நெருங்கிய அவ்வேறுபாடு, வென்றவர்பால் மக்கள் கொண்ட பற்றின் அளவு அன்று. தோற்றவர்கள் பிரிந்து நின்றதன் அளவு.

இது தி.மு.க.வுக்கு மட்டும் வாய்த்த நற்பேறும் அன்று. 2014-இல் அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசன் இதே தொகுதியில் 4,24,586 வாக்குகள் பெற்று வென்றார். அன்று தி.மு.க. அணியில் நின்ற கிருஷ்ணசாமிக்கு 2,62,812, பா.ஜ.க. அணியில் நின்ற ம.தி.மு.க.வின் சதன் திருமலைக்குமாருக்கு 1,90,233. அன்றும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து பெற்றவை வென்றவர் பெற்றவற்றை விஞ்சின. கொடி மாறியது, கணக்கு மாறவில்லை. சதன் திருமலைக்குமாரோ 2021-இல் தி.மு.க. அணியின் வேட்பாளராக வாசுதேவநல்லூரிலிருந்து சட்டப்பேரவைக்குச் சென்றார். இன்னும் சற்றுப் பின்னோக்கினால், 2004-இல் தி.மு.க. அணியில் நின்று வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, 2009-இல் அ.தி.மு.க. அணியில் நின்று வென்றது. வாக்காளர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கட்சிகள்தாம் அவரைச் சுற்றிச் சுற்றி இடம் மாறுகின்றன. பின்னர், "மக்கள் மனம் மாறிவிட்டது" என்று நமக்கே விளக்கம் சொல்கின்றன.

இத்தொகுதியின் பழங்கணக்கை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. 1977 முதல் 1996 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து மு. அருணாசலம் ஒருவரையே தேர்ந்தெடுத்த தொகுதி இது. காங்கிரசிலும் பின்னர்த் தமிழ் மாநில காங்கிரசிலும் இருந்த அவர் ஒன்றிய அமைச்சராகவும் விளங்கினார். இதுபோன்ற தனித்தொகுதியிலிருந்து செல்பவர் குரல் தில்லியில் எடுபடாது என்று முணுமுணுப்போர் அந்த இருபதாண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். அவருக்குப் பின் எந்தக் கட்சியும் இங்கே நெடுங்காலம் வேர்பிடித்ததில்லை. தி.மு.க.வுக்கே இத்தொகுதி முதன்முதலாகக் கிட்டியது 2019-இல்தான். தென்காசிச் சட்டப்பேரவைத் தொகுதியில் 2021-இல் காங்கிரசின் பழனி நாடார் வென்றது 370 வாக்குகளில். வழக்குத் தொடரப்பட்டு, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2023 சூலையில் அஞ்சல் வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்ட பின்னரே அவ்வெற்றி உறுதியாயிற்று. அதே மண்ணில் மூன்றாண்டுகள் கழித்து மக்களவைத் தேர்தலில் வேறுபாடு இலட்சங்களில் பேசப்படுகிறது. 370-ஐ "மயிரிழை" என்றும் 1,96,199-ஐ "மாபெரும் தீர்ப்பு" என்றும் வருணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மாநில அளவிலும் இக்கதையே பேருருவம் கொள்கிறது. 2024-இல் தி.மு.க. அணி ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகளோடு தமிழகத்தின் முப்பத்தொன்பது இடங்களையும் பெற்றது. அ.தி.மு.க.வுக்கு வாக்களித்தோர் ஐந்தில் ஒருவர். அக்கட்சிக்கு மக்களவையில் ஓர் இருக்கையும் இல்லை. 2014-இல் அ.தி.மு.க. 44 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளோடு முப்பத்தேழு இடங்களை அள்ளியபோது, தி.மு.க. அதே வெறுமையை நுகர்ந்தது. அன்று "இம்முறை நியாயமா?" என்று கேட்டவர்கள் இன்று கேட்பதில்லை, இன்று கேட்பவர்கள் அன்று கேட்கவில்லை.

பிரிவினை மட்டுமா முடிவைச் சமைக்கிறது? தொகுதியின் எல்லைக்கோடும் சமைக்கிறது. தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகள்: தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர். கடைசி இரண்டும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தென்காசி மாவட்டத்து ஆலங்குளமோ திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் கிடக்கிறது. 2008-இல் எல்லைகள் வரையப்பட்டபோது தென்காசி என்றொரு மாவட்டமே இல்லை. அது பிறந்தது 2019 நவம்பரில். வடக்கே நோக்கினால் சங்கிலி இன்னும் நீள்கிறது. மதுரை மாவட்டத்துத் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் தள்ளப்பட்டிருக்கின்றன. விருதுநகரின் இரு தொகுதிகள் தென்காசிக்குள். தென்காசியின் ஒன்று திருநெல்வேலிக்குள். மக்கள்தொகையைச் சமன்செய்ய எல்லை வரையறை ஆணையம் இவ்வாறு நகர்த்தியதில் சதி ஏதும் இல்லை. ஆறு ஆறாகக் கட்ட வேண்டும் என்றால் எங்கோ ஓரிடத்தில் முடிச்சு விழத்தான் செய்யும்.

அம்முடிச்சின் விளைவு சிறிதன்று. 2024-இல் விருதுநகரில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் வெறும் 4,379 வாக்குகளில்தான் கரையேறினார். அம்மாவட்டத்துக்கே உரிய இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அன்று அங்கே வாக்களித்திருப்பின், முடிவு எப்பக்கம் சாய்ந்திருக்கும்? விடை நமக்கு வேண்டுவதன்று. அக்கேள்வி எழுவதே போதும்.

கோடு வரைவது கட்சிகளின் கையில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் காங்கிரசு அவைத் தொகுதிகளை மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. வட கரோலினாவில் 2022-இல் நீதிமன்றம் தந்த வரைபடத்தின்படி நடந்த தேர்தலில் இரு கட்சிகளுக்கும் ஏழு ஏழு இடங்கள். சட்டமன்றம் கோடுகளை மாற்றி வரைந்த பின் 2024-இல் குடியரசுக் கட்சிக்குப் பத்து, சனநாயகக் கட்சிக்கு நான்கு. இரண்டே ஆண்டுகளில் அம்மாநிலத்து மக்கள் உள்ளம் அத்துணை புரண்டுவிட்டதென எவரும் நம்பமாட்டார். நமது நாட்டில் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் தனி ஆணையம் அமைவது நாம் பெற்ற பேறு. ஆனால் அந்த ஆணையத்தின் ஆணை அரசிதழில் வெளியாகி விட்டால், அதை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்து வழக்காட இயலாது என்று சட்டம் கூறுவதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும்.

வாக்குகளை எண்ணும் முறையிலும் ஒரு குறை உண்டு. கொடிக்குறிச்சிக் கல்லூரியில் 2024 சூன் 4 அன்று மேசைகளில் எண்ணப்பட்டவை பின்னர்ப் படிவம் 20 என்ற பட்டியலாக வெளியாகின்றன. வாக்குச்சாவடி ஒன்றுக்கு ஒரு வரி; வேட்பாளர் ஒருவருக்கு ஒரு கட்டம்; 'நோட்டா'வுக்கும் ஒரு கட்டம். குற்றாலத்துச் சாவடி எவர்பால் சாய்ந்தது, புளியங்குடியின் எந்தத் தெரு எவரைக் கைவிட்டது என்பதெல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனி. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. மின்னணுப் பொறி வந்தபின் அந்த மறைப்பு அகன்றது. பல சாவடிகளின் வாக்குகளை ஒருங்கே கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதனை ஆதரித்தது. ஒன்றிய அரசு இசையவில்லை. விளைவாக, முடிவு வந்த மறுவாரம் கட்சி அலுவலகங்களில் அப்பட்டியல் விரிக்கப்படுகிறது. எத்தெருவுக்குச் சாலை வேண்டும் என்பதை அறிய அன்று. எத்தெருவுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை என்பதை அறிய. எல்லாக் கட்சியினரும் செய்வதுதான் இது.

தொகுதியின் கவலைகளோ அப்பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இல்லை. சிவகிரி, சங்கரன்கோவில் வட்டாரக் குளங்களுக்கு நீர் தந்த செண்பகவல்லி அணைக்கட்டு, மலைமேல் கேரள எல்லைக்குள் உடைந்து பல பத்தாண்டுகளாகச் செப்பனிடப்படாமல் கிடக்கிறது. இரு மாநிலங்கள் பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல். எனவே மக்களவையில் ஓயாது ஒலிக்க வேண்டிய சிக்கல். கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் முறத்தில் இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் கூலியும் ஓய்வூதியமும், சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்கு நூல் விலை, புளியங்குடி எலுமிச்சைக்கு விலை இறங்கும் காலத்தில் பாதுகாப்பு என்று அடுக்கினால் முடிவின்றி நீளும். பீடி சுற்றும் பெண் ஆலங்குளத்தவராயின் ஒரு மக்களவை உறுப்பினரிடமும், பக்கத்து ஊரான பாவூர்ச்சத்திரத்தை அடுத்துத் தென்காசித் தொகுதிக்குள் வாழ்பவராயின் வேறோர் உறுப்பினரிடமும் மனுக் கொடுக்க வேண்டும். இருவருக்கும் மாவட்ட ஆட்சியர் ஒருவரே.

வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கைக்குக் காத்திருந்த நாட்களில், 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு அகவைச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. பொறிகள் காவலோடு பூட்டிய அறைக்குள் இருந்தன. வாக்குகள் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னரே இடப்பட்டுவிட்டன. மலையில் பெய்யும் மழையை முன்னுணர்ந்து அருவிக்கரையில் எச்சரிக்கும் ஏற்பாடு அதன் பின்னரே அனைவர் நாவிலும் புரண்டது. வேட்பாளர் பலரின் வாக்குறுதிகளில் குற்றாலம் சுற்றுலாத் தலமாக இடம்பெற்றிருந்தது. உயிர் காக்கப்பட வேண்டிய இடமாக எத்துணைப் பேர் அதனை நினைத்தனர் என்று கேட்பது கசப்பே ஆயினும் கேட்டாக வேண்டும்.

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அக்கோயிலைக் காக்கப்போகும் முன்பின் அறியாதோர் அடிகளைத் தான் பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். தமக்கு வாக்களியாத ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உறுப்பினரும் தாமே என்பதை உணர வேண்டிய வென்றவர்களுக்கு, அக்கல்வெட்டு நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது.

மீண்டும் தொகுதிக் கணக்குக்கு வருவோம். 1967-இல் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39-ஆகக் குறைந்தன. பின்னர் 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையை அடிப்படையாக வைத்து, அந்த எண்ணிக்கை உறைய வைக்கப்பட்டது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற்கணக்கெடுப்பு வரை அவ்வுறைவு நீடிக்கும் என்பது அரசமைப்பின் ஏற்பாடு. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்த மாநிலங்கள் அதன்பொருட்டே தண்டிக்கப்படலாகாது என்று 2025 மார்ச்சு 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் எழுப்பிய குரல் நியாயமானது. அதனை நாம் முழுமனத்தோடு வழிமொழிகிறோம். ஆனால் அக்கூட்டத்தின் பேச்செல்லாம் எண்ணைச் சுற்றியே அமைந்தது. அவ்வெண்ணுக்குள் ஓடப்போகும் கோடுகளைப் பற்றி ஊர்தோறும் பேச்செழ வேண்டாமா? ஆலங்குளம் தென்காசியோடு இணைய வேண்டுமா, இராஜபாளையம் விருதுநகருக்குத் திரும்ப வேண்டுமா, தனித்தொகுதி எவ்வூர்களை உள்ளடக்க வேண்டும், மகளிருக்கென மூன்றிலொரு பங்கு ஒதுக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருங்கால் இத்தொகுதியின் நிலை என்ன என்ற வினாக்களுக்குத் தில்லியிலிருந்து விடை வரும் வரை காத்திருப்பது பேதைமை.

எல்லை வரையறை ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, மறுப்புகளையும் கருத்துகளையும் கேட்டுப் பொதுக்கூட்டங்கள் நடத்துவது சட்டம் வகுத்த முறை. ஆணை உறுதியான பின் வாய் திறந்து பயனில்லை என்பதால், அந்தக் கூட்டமே ஊர்மக்களுக்கு வாய்க்கும் ஒரே வாயில். கட்சிகளின் மனுக்கள் எப்படியும் அங்கே போய்ச் சேரும். புளியங்குடி எலுமிச்சை வணிகரும், சங்கரன்கோவில் தறிக்காரரும், ஆலங்குளத்துப் பீடித் தொழிலாளரும், குற்றாலத்துக் கடைக்காரரும் தங்கள் ஊராட்சித் தீர்மானங்களோடு, இரு மாவட்டங்களின் வரைபடத்தையும் கையில் ஏந்தி, அன்று அங்கே சென்று நிற்க வேண்டும். அதற்கான தீர்மானங்களை அடுத்த கிராம சபையிலேயே நிறைவேற்றத் தொடங்கலாம்.