டூம்: கணிப்பொறியிலா, கன்சோலிலா?

ஒரே பெயரைத் தாங்குவன எல்லாம் ஒன்றாகிவிடுமா? ஆகா என்பதற்கு ‘டூம்’ விளையாட்டு தக்க சான்று. நாமே துப்பாக்கியேந்தி நடப்பது போன்ற காட்சி. எதிரே அசுரக் கூட்டம். அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று இதைக் கணிப்பொறிக்கென வெளியிட்டது. பின்னர் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கன்சோல்களிலும் இது குடியேறியது. இவற்றுள் எது சிறந்தது? சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலில் கன்சோலின் பக்கம் உள்ள நியாயத்தைக் கூறுவோம். இவ்விளையாட்டுக்கு 4 மெகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறி வேண்டியிருந்தது. அன்று அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாக்கனி. கன்சோலோ பன்மடங்கு மலிவு. ஆனால், விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே! 1994இல் வந்த அட்டாரி ஜாகுவார் பதிப்பில் ஆட்டத்தின்போது இசையே இல்லை. இசைக்க வேண்டிய சில்லு கணக்குப் போடுவதில் மூழ்கிவிட்டது. 1995இல் ராண்டி லிண்டன் சூப்பர் நின்டெண்டோவுக்கு இதை மாற்றியமைத்தார். பெட்டியின் திறன் போதாமல், கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே தனிச் சில்லு பொருத்தினர். அப்படியும் தரையும் கூரையும் வெறும் வண்ணப் பூச்சாகவே நின்றன. பாதியில் நிறுத்திய ஆட்டத்தைச் சேமிக்கவும் வழியில்லை. எனினும், அத்துணைச் சிறிய கருவியில் இதை ஓடச் செய்தவரின் உழைப்பை மெச்சாமல் இருக்க முடியாது.

அதே 1995இல் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பு தோற்றதென்று எவரும் சொல்லார். வண்ண ஒளியும், ஆப்ரி ஹாட்ஜஸ் அமைத்த திகிலூட்டும் ஒலியும் கணிப்பொறியில் இல்லாத அச்சத்தை அதில் விளைவித்தன.

அப்படியானால் கன்சோலுக்கே மாலை சூட்டலாமா? கூடாது என்பதே எமது கருத்து. கணிப்பொறிப் பதிப்பின் பெருமை படத்தில் இல்லை. அதன் திறந்த கதவில் இருக்கிறது. முதற்பகுதியின் 9 களங்களை எவரும் இலவசமாகப் படியெடுத்து நண்பருக்கு அளிக்கலாம். களங்களும் படங்களும் தனிக் கோப்பில் இருந்தமையால், ஆடியவர்களே புதிய களங்களைப் படைத்தனர். 1997இல் நிரலின் மூலத்தையே நிறுவனம் வெளியிட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ரசிகர் படைத்த களங்களைக் கன்சோலிலும் ஆடலாம். ஆயினும் அவை பிறந்த இடம் கணிப்பொறியே.

‘இது கொலை விளையாட்டன்றோ?’ எனப் பெற்றோர் கேட்பது முறையே. அமெரிக்காவில் இது 17 வயது நிரம்பியோர்க்கென வகுக்கப்பட்டது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பில் குருதியைப் பச்சையாக்கினர். நிறம் மாறினால் செயல் மாறிவிடுமா? சிறுமியர்க்கு இது உகந்ததன்று என்பதில் எமக்கு ஐயமில்லை.

எனினும் அதன் வரலாறு நமக்கொரு பாடம். தோழியரே, ஒரு கருவியை வாங்குமுன் ‘இதில் என்ன ஆடலாம்?’ என்று மட்டும் கேளாதீர். ‘இதில் நாம் எதைப் படைக்கலாம்?’ என்றும் கேளுங்கள். பெற்றோரும் அதையே கேட்பாராக!