கெர்னல் கம்பைல்: கடைசி நிமிடங்களைத் தின்பது யார்?

லினக்ஸ் கெர்னலைச் சொந்தமாக கம்பைல் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கோர் உள்ள பிராசசர் வாங்கலாம்?" என்பதுதான். அதற்குப் பணம் செலவழிக்கும் முன் கடைசிக் கட்டமான லிங்கிங்கைக் கவனியுங்கள் என்பது என் கருத்து.

கெர்னலில் உள்ள ஆயிரக்கணக்கான சி ஃபைல்கள் தனித்தனியாக ஆப்ஜெக்ட் ஃபைல்களாக மாறுகின்றன. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு கோர் இருந்தால் எட்டு ஃபைல்களை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் கோர்த்து விஎம்லினக்ஸ் என்ற ஒரே ஃபைலாக்கும்போது, வழக்கமான குனு லிங்கர் ஒரு கோரில்தான் ஓடும். மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கும்.

முழு கெர்னலையும் முதல் முறை கம்பைல் செய்யும்போது இது உறுத்தாது. கெர்னலுக்குள்ளேயே சேரும் ஒரு ஃபைலில் ஒரு வரியை மட்டும் மாற்றி, மறுபடி மேக் கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். அந்த ஃபைல் சட்டென்று கம்பைல் ஆகிவிடும். பிறகு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் லிங்கிங்குக்காகத்தான்.

அதுவும் ஒரு முறை லிங்க் செய்தால் முடிவதில்லை. கெர்னல் தடுமாறி நிற்கும்போது எந்த ஃபங்ஷனில் பிரச்சினை என்று பெயரோடு திரையில் காட்டும் அல்லவா? அதற்காக ஃபங்ஷன்களின் பெயரும் முகவரியும் கொண்ட கேஆல்சிம்ஸ் என்ற அட்டவணை கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. லிங்க் செய்த பிறகுதான் முகவரிகள் தெரியும். அட்டவணையை உள்ளே செருகினாலோ முகவரிகள் நகர்ந்துவிடும். புத்தகம் முடிந்த பிறகு முன்னால் நான்கு பக்கம் பொருளடக்கம் சேர்த்தால் எல்லாப் பக்க எண்களும் மாறிப்போகுமே, அதே கதைதான். எனவே லிங்க், அட்டவணை, மறுபடி லிங்க், திருத்திய அட்டவணை, கடைசி லிங்க் என்று வழக்கமாக மூன்று முறை நடக்கிறது. ஒரு லிங்கில் மிச்சமாகும் நேரம் மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் இதைப் பார்க்கலாம்.

இந்த வேலையில் கெர்னல் குழுவினர் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வொரு டைரக்டரியிலும் உள்ள ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆப்ஜெக்ட் ஃபைல் செய்வார்கள். மேல் டைரக்டரியில் அவற்றைச் சேர்த்து இன்னொன்று. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகும். 2016-17ல் இதற்குப் பதில் தின் ஆர்க்கைவ் முறை வந்தது. அதில் ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும், ஃபைல் இருக்காது. வேலையை வேகமாகச் செய்யவில்லை, வேண்டாத வேலையை விட்டுவிட்டார்கள். நம் வீட்டு கம்ப்யூட்டரிலும் இதே வழியைத்தான் பின்பற்ற வேண்டும்.

வேண்டாத வேலைகளில் பெரியது டீபக் இன்ஃபர்மேஷன். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் இதுவும் சேர்ந்தே வரும். விஎம்லினக்ஸ் பல நூறு எம்பி அளவுக்கு ஊதிவிடும். போதாததற்கு பிடிஎஃப் என்ற தகவலை உண்டாக்க பாஹோல் என்ற புரோகிராமும் லிங்கிங்கின்போது ஓடி ராமைப் பிடித்துக்கொள்ளும். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இங்கேதான் ஸ்வாப்பில் விழுந்து திணறும். "என் கம்ப்யூட்டரில் கெர்னல் வேலை சரிப்படாது" என்று ஒரு மாணவர் ஒதுங்கிப் போவதும் இங்கேதான். அவருக்குத் தேவையே இல்லாத ஒரு ஆப்ஷனால் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மெனுகான்ஃபிக்கில் கெர்னல் ஹேக்கிங் பகுதிக்குப் போய் டீபக் இன்ஃபர்மேஷனை நிறுத்துங்கள். ஃபங்ஷன் பெயர்கள் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அவை கேஆல்சிம்ஸில் இருந்து வருபவை. ஜிடிபி கொண்டு வரி வரியாகப் பார்ப்பவர்களும், பிடிஎஃப் கேட்கும் பிபிஎஃப் டூல்களைப் பயன்படுத்துபவர்களும் மட்டும் இதைத் தொட வேண்டாம்.

அடுத்து லிங்கர். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு கோல்ட் லிங்கரைத் தேடாதீர்கள். 2008ல் வந்தபோது அது வேகத்துக்குப் பெயர் வாங்கியது உண்மை. ஆனால் 2019ல் கெர்னல் அதை ஏற்க மறுத்துவிட்டது. 2021ல் முதல் பதிப்பு வந்த மோல்ட் பெரிய அப்ளிகேஷன்களுக்கு அசுர வேகம்தான். என்றாலும் லிங்கர் ஸ்கிரிப்டை நம்பியிருக்கும் கெர்னலுக்கு அது சரிப்படாது. மிஞ்சுவது எல்எல்விஎம் குழுவின் எல்எல்டி. இது பல கோர்களைப் பயன்படுத்தும், கெர்னலும் இதை ஏற்கிறது. ஜிசிசியை அப்படியே வைத்துக்கொண்டு லிங்கரை மட்டும் மாற்றலாம். மேக் கமாண்டில் எல்டி என்ற வேரியபிளுக்கு எல்டி.எல்எல்டி என்று கொடுத்தால் போதும்.

அதோடு, நீங்கள் திருத்துவது ஒரு டிரைவர் என்றால் அதைக் கெர்னலுக்குள் சேர்க்காமல் மாட்யூலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாட்யூலை மட்டும் மேக் செய்து, பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினால் விஎம்லினக்ஸைத் தொடவே வேண்டாம். மூன்று லிங்க்கும் மிச்சம், ரீபூட்டும் மிச்சம்.