‘இல்லை’ என்பதும் விடையே

“இல்லாத ஒன்றைத் தேடிப் பணத்தையும் காலத்தையும் ஏன் பாழாக்க வேண்டும்?” விடுதிச் சாப்பாட்டு அறையில் கரும் ஆற்றலைப் பற்றிய பேச்சு எழுந்தபோது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வியன்று அது.

1998-ஆம் ஆண்டில், தொலைவிலுள்ள விண்மீன்களின் வெடிப்புகளை இரு குழுவினர் அளந்தனர். பேரண்டம் விரியும் வேகம் குறைந்து வரும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். கண்டதோ நேர்மாறு, வேகம் கூடிக்கொண்டே வருகிறது! கூட்டுவது எது? அறியோம். ‘கரும் ஆற்றல்’ என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். பேரண்டத்தின் ஆற்றலில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு அதுவே.

2004-இல் ஜஸ்டின் கூரியும் அமண்டா வெல்ட்மனும் ஒரு கருத்தை வெளியிட்டனர். பச்சோந்தி இடத்துக்கேற்ப நிறம் மாறுவதுபோல, இடத்துக்கேற்ப நிறை மாறும் துகள் ஒன்று இருக்கலாம் என்றனர். பொருள் செறிந்த இடத்தில் அதன் நிறை கூடும். விசை எட்டும் தொலைவு சுருங்கும். ஆகவே பூமியில் அது நமக்குத் தப்பிவிடும். வெற்றிடத்திலோ அதன் விசை நெடுந்தொலைவு எட்டும்.

அப்படியானால் வெற்றிடத்திலேயே வலை விரிப்போம் என்றனர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார். பெரிய பொருள் இவ்விசையைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும். தனி அணுவால் அது இயலாது. எனவே வெற்றிடக் கலத்தினுள் சிறு அலுமினிய உருண்டையை வைத்து, அதனருகே லேசர் ஒளியால் குளிர்வித்த சீசியம் அணுக்களை விட்டனர். ஈர்ப்பு விசையன்றி வேறு ஏதேனும் அவற்றை இழுக்கிறதா? 2015-இல் கிடைத்த விடை: இல்லை. 2017-இல் டங்ஸ்டன் உருளையைக் கொண்டு இன்னும் நுட்பமாக அளந்தனர்: இல்லை. 2022-இல் சீனாவின் நாஞ்சிங்கில், காந்தப் புலத்தில் மிதக்கும் கருவியைக் கொண்டு தேடினர்: அங்கும் இல்லை. கரும் ஆற்றலுக்கு விளக்கமாகச் சொல்லப்பட்ட அக்கருத்தின் எளிய வடிவம் அத்துடன் வீழ்ந்தது.

இது தோல்வியா? அன்று. ஒவ்வொரு ‘இல்லை’யும் ஒரு கதவை அடைக்கிறது, எஞ்சிய கதவுகளைக் காட்டுகிறது.

நம் ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன? ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். 9.8 வராவிட்டால், வரும்வரை அளவுகளைத் ‘திருத்துகிறோம்’. நானும் செய்திருக்கிறேன், ஏட்டில் முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். 1998-இல் அவ்விரு குழுவினரும் எதிர்பார்த்த விடை வரும்வரை இப்படித் திருத்தியிருந்தால், கரும் ஆற்றலை யார் கண்டிருப்பார்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடை பிசகினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், ஏன் பிசகியது என்று கேளுங்கள். நண்பர்களே, கண்டதை எழுதுவோம். காணாததைக் காணவில்லை என்றே எழுதுவோம். விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதுவே!