காயம் தெரியுமுன் காலாவதியா?

வடமராட்சியைச் சேர்ந்த மேசன் தொழிலாளி ஒருவர் அண்மையில் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். மாடிவீடொன்றிற்குப் பூச்சு வேலை செய்கையில் சாரத்துப் பலகை புரண்டு ஆறடி உயரத்திலிருந்து விழுந்தவர் அவர். விழுந்தார், எழுந்தார், இடுப்பைத் தேய்த்துவிட்டுத் தேநீர் குடித்தார், அன்று மாலை வரை வேலையுஞ் செய்தார். எலும்பு முறியவில்லை, இரத்தம் சிந்தவில்லை. கொந்தராத்துக்காரர் எண்ணெய் வாங்கப் பணம் கொடுத்தாராம். அதற்காக அவரிடம் இவருக்கு நன்றியுணர்வே இருந்தது. இரண்டாண்டும் ஐந்து மாதமுங் கழிந்தபின், இடது கால் மரத்து, சீமெந்துத் தாச்சியைத் தூக்க இயலாதவராய், முதுகெலும்பின் படத்தைக் கையிலேந்தி அவர் வந்தபோது, நாம் கூறவேண்டியிருந்த முதல் வார்த்தை, "நீதிமன்றக் கதவு ஐந்து மாதத்துக்கு முன்னரே மூடிவிட்டது" என்பதுதான்.

இவ்வாறு கூறவைக்கும் சட்டம் இன்று நேற்று எழுந்ததன்று. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, இழப்பு, ஊறு, சேதம் ஆகியவற்றுக்கான வழக்கை, வழக்குக்குரிய காரணம் எழுந்த காலத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டுமென விதிக்கிறது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895 இல். மனித உடலைக் கீறாமல் அதன் உள்ளே பார்க்கும் கருவி உலகில் இல்லாத நாளில் எழுதப்பட்ட சட்டம், கண்ணுக்குத் தெரியும் காயத்தையே காயமென்று கருதியதில் வியப்பில்லை. அதே சட்டம் இன்றும் அப்படியே நிற்பதுதான் வியப்பு. விழுந்த நாளே காரணம் எழுந்த நாளென எதிர்த்தரப்பு வாதிடும். காயப்பட்டவர் தம் காயத்தை அறிந்த நாளிலிருந்தே காலத்தைக் கணிக்கவேண்டுமென்று சொல்ல அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

மருத்துவர்களைக் கேட்டால் மறைந்திருக்கும் ஊறுகள் எத்தனை வகை என்பதை விளக்குவர். தலையிற் பட்ட சிறிய அடி, மூளையின் மேலுறைக்குக் கீழே மெல்ல மெல்ல இரத்தத்தைக் கசியச் செய்து, மூன்று நான்கு வாரங் கழித்தே தலையிடியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படலாம். அதற்குள் சாரம் பிரிக்கப்பட்டிருக்கும். கூட நின்றவர் வேறூரில் வேறு வேலைக்குப் போயிருப்பார். கருங்கல்லும் ஓடும் அறுப்பவரின் நுரையீரலிற் படியும் சிலிக்காத் தூசு பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேற்பட்டே மூச்சிளைப்பாக வெளிப்படும். அஸ்பெஸ்டஸ் இழையோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் உடம்பில் ஒளிந்திருந்து புற்றுநோயாகத் தலைகாட்டும். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருக்கிறது.

நம் நாட்டிலே அஸ்பெஸ்டஸ் சீற் போடாத ஊர் எது? வாளால் அறுத்து, துறப்பணத்தால் துளைத்து, தூசைத் துவாயால் தட்டிவிட்டு அடுத்த கூரைக்கு ஏறுகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. போரில் உடைந்த கூரைகளை வெறுங்கையால் அகற்றியவர்களும் நம்மவரே. 2015 இல் அதனைப் படிப்படியாகத் தடைசெய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று உருசியா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் அதுவே. தடை பிற்போடப்பட்டது, அம்மாதமே தேயிலைக்கும் வழி திறந்தது. ஒரு வண்டுக்காகக் கூரைத் தொழிலாளியின் நுரையீரல் பேரம் பேசப்பட்ட கதையை அதிகம் விரிக்கவேண்டியதில்லை.

இந்த அநீதியைத் திருத்துவது இயலாத காரியமன்று. இங்கிலாந்தில், எஃகு வார்ப்புகளைச் செப்பனிட்ட தொழிலாளர் தூசினால் நுரையீரல் கெட்டு வழக்குத் தொடுத்தனர். காட்லெட்ஜ் எதிர் ஜொப்ளிங் என்னும் அவ்வழக்கில், நோய் உள்ளே தொடங்கிய நாளிலிருந்தே காலம் ஓடுகிறது, தொழிலாளி அறியாதது பொருட்டன்று என 1963 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. அப்படித் தீர்க்க நேர்ந்ததற்காக நீதியரசர்களே வருந்தினர். அதே ஆண்டிற் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மூன்றாண்டு, ஊறு நேர்ந்த நாளிலிருந்து அல்லது அதனை அறிந்த நாளிலிருந்து கணிக்கப்படும். இங்கிலாந்து நமக்கு ஒத்துவராது என்பார்க்கு வேறோர் உதாரணமும் உண்டு. நம்மைப் போலவே உரோம டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்கா, தனது 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே அறிவு விதியைச் சேர்த்துக்கொண்டது. நாம் மட்டும் 1871 இல் நிற்கிறோம்.

ஆயினும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிடும் சட்டத்தரணி பாதிச் சட்டமே படித்தவர். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என்றொன்று உண்டு. அதன்கீழ் வேலைகொள்வோரின் கவலையீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததெனக் காட்டினாற் போதும். அட்டவணையிற் குறித்த தொழில் நோய்களும் விபத்தாகவே கொள்ளப்படும். உரிய காலத்திற் கோராமைக்குப் போதிய காரணங் காட்டினால், பிந்திய கோரிக்கையையும் ஆணையாளர் ஏற்கலாம். நட்டஈட்டு உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்த கடதாசி செல்லாது. எண்ணெய்க்குக் கொடுத்த பணம் கணக்குத் தீர்த்ததாகிவிடாது.

அந்த வழியே நம் மேசன் தொழிலாளிக்காகவும் விண்ணப்பித்தோம். கொந்தராத்துக்காரரின் மறுமொழி ஒரே வரி: "அன்று இவர் வேலைக்கே வரவில்லை." வரவுப் புத்தகம் இல்லை. கூட நின்ற இருவரில் ஒருவர் கட்டாரில். மற்றவர் அதே கொந்தராத்துக்காரரிடம் இன்றும் கூலிக்கு நிற்பவர், வாய் திறவார். கிளினிக் கொப்பியில் "முதுகு வலி" என்ற இரு சொற்களே உள்ளன. விழுந்தமை பற்றி ஓர் எழுத்தும் இல்லை. விசாரணை நடைபெறுவதால் இதற்குமேல் எழுதுவது முறையன்று.

எனவே, சட்டத்தைத் திருத்துக என நமது பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கும் அதே மூச்சில், இப்பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்கிறோம். ஒன்பதாம் பிரிவில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும் தனியார் சட்டமூலமொன்றைச் சமர்ப்பிக்க அரசாங்கத்தின் தயவு தேவையில்லை. மருத்துவ அன்பர்களே, வலியை எழுதும்போது அது எப்படி, எங்கே, என்று வந்ததென்பதையும் நோயாளியின் வாய்மொழியாக எழுதுங்கள். அரை நிமிட வேலை. வெங்காயம் விற்ற பணத்தில் வீடு கட்டும் விவசாயப் பெருமக்களே, உங்கள் முற்றத்தில் ஒருவன் விழுந்தால் நாளையும் ஆட்களின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதுவது உங்களுக்குத் தீங்காகுமோ என்று அஞ்சுவீர்கள். பயிர் அறுத்தபின் நீங்களும் உங்கள் மைந்தரும் அதே சாரத்தில் ஏறுகிறவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தரணிகளாகிய நம்மவர்க்கும் பங்குண்டு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. ஆனால் அங்கே போகவேண்டுமென்று தொழிலாளிக்குத் தோன்றுவது கால் மரத்தபின்னரே. விழுந்த வாரத்திலேயே அவன் பக்கம் ஒருவர் நிற்கவேண்டும். பருத்தித்துறை, சாவகச்சேரி, கிளிநொச்சி நீதிமன்றங்களிற் பணிபுரியும் இளஞ் சட்டத்தரணிகள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்க முன்வந்தால், பெயர்களைத் திரட்டும் பொறுப்பை நாம் ஏற்போம். விழுந்த தொழிலாளி அன்றே நிரப்பி வைக்கவேண்டிய குறிப்பின் மாதிரியொன்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். படிப்போர் அதனை வெட்டியெடுத்து, தங்கள் ஊரில் வீடு கட்டும் இடத்து மேசனிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.