ஒரு பகல் விருந்தாளியும் நாமும்

சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பலொன்று ஒரு பகல் நின்று சென்றால் போதும், நம் இலக்கிய நண்பர்களுக்கு எள்ளல் பொங்கிவிடுகிறது. காலையில் இறங்கி, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பேருந்தில் ஓடி, மாமல்லபுரத்தில் படமெடுத்து, அந்திக்குள் கப்பலேறுபவர்கள் எதைக் கண்டார்கள் என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான், நம்மையும் கேட்டுக்கொள்வோம். துறைமுகத்தின் எதிரே கடற்கரை ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அன்றாடம் அதில் போய்வரும் தாம்பரத்துக்காரர்களாகிய நாம், மூன்றாம் நிலையமான பல்லாவரத்தில் எதற்காக இறங்கியிருக்கிறோம்? வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. பழைய பொருள்களுக்குப் பேர்போன சந்தை அது என்பதுதான் வேடிக்கை! 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்த மண் அது. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் அங்கே உண்டு. பின்னாளில் அது தர்காவாயிற்று.

பல்லவரைக் காண அயலார் கடல் கடந்து வருகிறார்கள். வழிகாட்டி சொல்வதையேனும் கேட்கிறார்கள். சில மணி நேரமே அவர்களுக்கு வாய்த்தது. நமக்கோ மாதாந்திரச் சீட்டு இருக்கிறது. பல்லாவரத்தைப் பற்றி ஒரு பக்கமாவது நம்முள் எவர் எழுதியிருக்கிறோம்?